நாலு சக்கரத் தண்ணித் தொட்டி

ஜனவரி 9

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுறேன். முழங்கால் ரெண்டையும் தவிர்த்து மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அந்தச் சுரங்கத்துல உன் தலையில கல்லு விழாம பாத்துக்கப்பான்னு ஆண்டவன்கிட்ட தினமும் சொல்லிக்கிட்டிருக்கேன். கேட்டுக் கேட்டு அவருக்கே சலிச்சுப் போயிருக்கும்.

நீ சொன்ன ஜீப் வண்டியை வாங்கியாச்சு. ஒரு வரியில எழுதிட்டேன், ஆனா பட்ட பாடு எனக்கும் ஊசி மெக்கானிக்குக்கும் தான் தெரியும். பழைய இரும்புக் கடைக்காரர் எங்களைக் கடைசி வரைக்கும் நடக்க வெச்சு, ஒரு முள்ளுப் புதரைக் காட்டி, "இதுதாம்மா வண்டி"ன்னார். "இது செடியில்ல?"ன்னு கேட்டேன். "உள்ள பாருங்க"ன்னார். பார்த்தா, செடி வண்டியோட அடித்தகரத்தைப் பொத்துக்கிட்டு சீட்டு வழியா மேல வந்திருக்கு. ஓட்டுறவர் உட்காருற மாதிரியே உட்கார்ந்திருக்கு! கதவைத் தொட்டேன், கதவு கையோட வந்துடுச்சு. "தொட்டா வர்ற மாதிரி இருந்தா சுலபமாப் பிரிக்கலாம்"னு ஊசிக்கு ஒரே சந்தோஷம். அவன் மெலிஞ்சு மெலிஞ்சு மூளையும் மெலிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன்.

இதைப் போயி ஏன்டா கண்ணு ஆசைப்பட்ட? நாலு சக்கரமும் இழுக்கும், மலையேறும்னு சொல்ற. இது வாசப்படி ஏறுமான்னே எனக்குச் சந்தேகம்.

இழுத்துக்கிட்டு வந்து, உங்க மாமா போனதுல இருந்து காலியாக் கிடக்குற கொட்டகையில விட்டாச்சு. மேல தார்ப்பாயும் போட்டாச்சு. நீ சொன்னபடி உங்கப்பாவுக்கு மூச்சு விடல. ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கார், வந்து எட்டிப் பார்த்து "என்னது அது?"ன்னார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "தண்ணித் தொட்டிண்ணே, பழசு, சல்லிசா வந்துச்சு"ன்னுட்டேன். தார்ப்பாய்க்குக் கீழ கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னார். "தொட்டிக்கு டயரெல்லாம் பெருசாத்தான் போட்டிருக்கான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பாடா, நம்பிட்டார்.

பொய் சொன்னதுக்கு மறுநாள் பிரார்த்தனையில மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். உங்க மலையில போன் எடுக்கிறதில்ல. எடுத்தாலும் நான் கத்திப் பேசணும், கத்தினா உங்கப்பாவுக்குக் கேக்கும். அதனால எல்லாத்தையும் கடிதாசியிலயே எழுது.

அத்தை


ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

சாமான் வேன் வாரம் ஒருமுறைதான் மலை ஏறும். நேற்று அதில் உங்கள் கடிதம் வந்தது. செடி ஓட்டிக்கொண்டு வந்த வண்டியைப் பற்றி முகாமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எல்லாரும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

எதற்கு இந்த வண்டி என்று கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன். இங்கே இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் இந்தப் பாதையில் யார் தயவும் இல்லாமல் போய் வரலாம். மேயில் லீவு. வருவேன், உங்கள் கையால் சாப்பிடுவேன், வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புவேன். அப்பா இருக்கும் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். நீங்கள் அழுதாலும் மாட்டேன்.

ஊசியிடம் சொல்லுங்கள்: அடித்தகரத்தில் ஓட்டை இருக்கும் இடத்தில் எல்லாம் மேலேயே ஒட்டுப் போட்டால் போதும். அழகு வேண்டாம், ஓடினால் போதும். கடைசியில் நீல பெயிண்ட். இந்த மாடலுக்குப் பச்சைதான் சரி என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் மருமகன்


பிப்ரவரி 15

மருமகனே,

மூணு வருஷமா? படிச்சுட்டு அடுப்பை அணைக்காமலேயே உட்கார்ந்துட்டேன். அப்ப இந்த வண்டியைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஊசியை நான் விரட்டுறது, உன்னை நானே வழியனுப்புறதுக்கா? ஆண்டவனே, நல்ல வேலை குடுத்த எனக்கு. சரி, வாக்குக் குடுத்துட்டேன், செய்யுறேன். ஆனா சந்தோஷமா செய்வேன்னு வாக்குக் குடுக்கல.

இங்க வேற ஒரு கூத்து. எழுதவே பயமா இருக்கு.

போன வாரம் ஊசி அடித்தகரத்துல ஒட்டுப் போட்டுட்டுப் போனான். நானும் கிட்ட இருந்து பார்த்தேன், பொறி பறந்து என் புடவையில ஓட்டை கூட விழுந்துச்சு. மறுநாள் பிரார்த்தனைக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், ஒரு ஒட்டையும் காணோம்! துரு பிடிச்ச இடத்தையெல்லாம் சதுரமா வெட்டி எடுத்து, புதுத் தகரம் அளவா உட்கார்ந்திருக்கு. விரலால தடவினா எது பழசு எது புதுசுன்னு தெரியல. ஊசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் இல்லம்மா. நான் இவ்வளவு நல்லாச் செய்ய மாட்டேன்"னு கையெடுத்துக் கும்பிடுறான்.

இன்னொண்ணு. ஊசி மாட்டின ஸ்க்ரூவெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப தலையில இருக்கிற கோடு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி நிக்குது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பிரார்த்தனைக்கு நிக்கிற மாதிரி. ஆண்டவன் பெரியவர்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அவர் எதுக்கு வந்து ஸ்க்ரூ முடுக்கணும்? வேண்டிக்கிட்டது உன் தலைக்கு, அவர் கொட்டகைக்கு வந்துட்டாரா?

தனியா வேலை செய்யமாட்டேன்னு ஊசி சொல்லிட்டான். நான் பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் தட்டுற வரைக்கும் சாமி பேர் சொல்லிக்கிட்டிருக்கணுமாம்.

உங்கப்பா சௌக்கியம். கதவிடுக்குல மாட்டிக்கிட்டாராம், கட்டைவிரல்ல துணி சுத்தியிருக்கார். ஆனா பசி நல்லா எடுக்குது அவருக்கு இப்ப. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுறார்.

குழம்பிப்போயிருக்கும் அத்தை


மார்ச் 2

அத்தை,

அந்த ஸ்க்ரூக்களின் கோடு எந்தப் பக்கம் நிற்கிறது? மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா? நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

கொட்டகைக்குப் பூட்டுப் போடுங்கள். இன்றைக்கே.


மார்ச் 12

மருமகனே,

சௌக்கியமான்னு கூட ஒரு வார்த்தை கேக்கல. பரவாயில்ல, நான் சௌக்கியம்.

கோடு மேலும் கீழுமாத்தான் நிக்குது. ஒண்ணு விடாம எல்லாம். கதவோட கீலுல இருந்து விளக்கு வளையம் வரைக்கும். ஊசி வேணும்னே ஒண்ணைக் கோணலாத் திருப்பி வெச்சான். மறுநாள் நேரா இருக்கு! பயத்துல அவன் கால் தரையில நிக்கல.

பூட்டு போட்டேன். மூணாவது நாள் உள்ள போனா, கழட்டி மூலையில போட்டிருந்த ரேடியேட்டர் கழுவித் துடைச்சு மாட்டியிருக்கு. பூட்டு பூட்டினபடியே இருக்கு. சாவி என் இடுப்புல. இன்னொரு சாவி வழக்கம்போல உங்கப்பா வீட்டு ஆணியில தொங்குது. அப்ப எப்படி?

இதை விடறதில்லன்னு ஒருநாள் பிரார்த்தனைக்கே போகாம உள்ள ஒளிஞ்சு உட்கார்ந்தேன். தப்புதான், ஆனா ஆண்டவனைத்தான பார்க்கப் போறேன், எங்க பார்த்தா என்னன்னு இருந்துட்டேன். யாரும் வரல. உங்கப்பாதான் கையில ஒரு பையோட வந்து நின்னார். என்னைக் கண்டதும் முகம் சுருங்கிடுச்சு.

"என்ன, இன்னைக்குப் போகலையா நீ?"

"முழங்கால் வலிண்ணே. பையில என்ன, டங்கு டங்குன்னு சத்தம்?"

"காலி பாட்டில்."

"காலி பாட்டிலை எதுக்கு இங்க தூக்கிட்டு வர்றீங்க?"

"தூக்கிட்டுப் போற வழியில வந்தேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டார். அந்த மனுஷன் என்னைக்கு பாட்டில் சேர்த்து வெச்சார்? வயசாகுதில்ல, புத்தி கொஞ்சம் இப்படி அப்படித்தான் போகும்.

ஊசி தூக்கத்துல நடக்குறவனா இருப்பானோ? நீ என்ன நினைக்கிற?

அத்தை


மார்ச் 28

அத்தைக்கு,

ஊசியும் இல்லை, சாமியும் இல்லை. என் அப்பா.

ஸ்க்ரூவின் கோட்டை நேராக நிறுத்தி முடுக்குவது அவர் பழக்கம். ஒன்று தளர்ந்து திரும்பினால் தூரத்தில் இருந்தே தெரியும் என்பார். அவருடைய மெக்கானிக் பட்டறையில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை, என்னையும் சேர்த்து.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதில்லை. ஒரு லாரி எஞ்சினை முழுக்க நானே கட்டினேன். லாரிக்காரர் வந்து ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்பா ஸ்பேனரை எடுத்தார். லாரிக்காரர், தொழிலாளிகள், டீ கொண்டு வந்தவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை முழுக்கப் பிரித்து, முதலில் இருந்து தானே கட்டினார். என்ன தவறு என்றுகூடச் சொல்லவில்லை. நான் கையில் துணியோடு நின்றேன்.

நாலு வருடம் கழித்து மறுபடியும் அதையேதான் செய்கிறார். நான் ஒட்டு என்றால் அவர் வெட்டு. நான் இவ்வளவு தூரம் வந்த பிறகும் என் வேலையைப் பிரிக்கிறார்.

ஒன்று செய்யுங்கள். ஊசியை நீல பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். அவர் அதையும் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தால், வண்டியை இரும்புக் கடைக்கே கொடுத்துவிடுங்கள். நான் மேயில் வரமாட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன். இதில் மாற்றம் இல்லை.

உங்கள்மேல் கோபமில்லை.

மருமகன்


ஏப்ரல் 6

மருமகனே,

உங்கப்பாவா? அவருக்கு உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணுமே! வண்டிக்கு அடியில எப்படிடா போவார்?

அந்த எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்ல. நான் கேட்டப்பல்லாம் "அவனைக் கேளு"ன்னார், நீ "அவரைக் கேளு"ன்ன. நான் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலியோட இருந்தேன்.

இன்னைக்கு நேராக் கேட்டுடலாம்னு போனேன். "அண்ணே, அந்த வண்டியில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எந்த வண்டி?"ன்னார்.

தொட்டின்னு சொன்னது நான்தான! இப்ப வண்டின்னு சொன்னா நான் பொய் சொன்னவளா ஆகணும், அவர் ஒளிஞ்சு வந்தவரா ஆகணும். "தொட்டிண்ணே, தொட்டி"ன்னேன்.

"தொட்டியா. அதுக்கு அடித்தகரம் கெட்டுப்போயிருந்துச்சு. மேல மேல ஒட்டுப் போட்டா உள்ளுக்குள்ள துரு ஓடும். வெளியில தெரியாது. மலையில போகும்போது ஒருநாள் காலுக்குக் கீழ விட்டுப்போகும்."

"தொட்டி எதுக்குண்ணே மலைக்குப் போகுது?"

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டார். தலைகீழாப் பிடிச்சிருந்தார்.

நீ சொல்ற மாதிரி உன்னைக் குத்திக்காட்டத்தான் செய்யுறாரா, இல்ல உன் கால் கீழ போயிடக்கூடாதுன்னு செய்யுறாரா? எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. ரெண்டுமே இருக்கும்போலவும் இருக்கு. ஆம்பளைங்களுக்குப் பேச வாயைக் குடுத்த ஆண்டவன் எதுக்குக் குடுத்தோம்னு சொல்லாம விட்டுட்டார்.

நீலம் வாங்கிட்டு வர ஊசி போயிருக்கான். அண்ணன்கிட்ட "தொட்டியோட நிறத்தை மட்டும் மாத்திடாதீங்க"ன்னு சொல்லிடட்டுமா? சொன்னா அது நான் சொன்னதா ஆகுமே தவிர, அவரா விட்டதா ஆகாதில்ல. அதனால சொல்லல. வாயை மூடிக்கிட்டு இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்.

அத்தை


ஏப்ரல் 20

கண்ணு,

முதல்ல இதைப் படி. வண்டி நீலம்.

இப்ப மெதுவா சொல்றேன். ஊசி பெயிண்ட் அடிச்சான். அடிச்சானா, ஊத்தினானா தெரியல. கதவுல கண்ணீர் வடிஞ்ச மாதிரி கோடு கோடா இறங்கி நின்னுச்சு, பானட்ல ஒரு பூச்சி ஒட்டி உயிரோட துடிக்குது. "காஞ்சா சரியாயிடும்மா"ன்னான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதை உங்கப்பா விடமாட்டார்னு.

ரெண்டு நாள் ஒண்ணும் நடக்கல. மூணாவது நாள் பிரார்த்தனைக்குப் போனேன். அங்க உட்கார்ந்தா மனசு நிலைக்கல. எல்லாரும் பாடுறாங்க, நான் மட்டும் "நீலம், நீலம்"னு சொல்லிக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. முடியறதுக்குள்ள எழுந்து ஓட்டமும் நடையுமா வந்தேன்.

கொட்டகையில கதவெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பழைய தகரம் தெரியுது. நான் அங்கேயே மண்ணுல உட்கார்ந்துட்டேன்டா. போச்சு, பிள்ளை வரமாட்டான், எல்லாம் போச்சுன்னு அழுதேன். உங்கப்பா அங்க இல்ல. பெயிண்ட் டப்பா மட்டும் மூடி வெச்சிருக்கு. உள்ள பச்சை இருந்துடுமோன்னு திறந்து பார்க்கத் தைரியம் வரல.

மறுநாள் போகவே மனசில்ல. ஆனாலும் போனேன். நீலம்! அதே நீலம், ஆனா அது ஊசியோட நீலமில்ல. ஒரு வழிசல் இல்ல, பூச்சி இல்ல, கண்ணாடி மாதிரி என் முகம் தெரியுது. கதவைத் திறந்து பார்த்தா உள்பக்கம், கீலுக்குப் பின்னாடி, யாரும் பார்க்காத இடத்துல எல்லாம் நீலம்.

சாயங்காலம் சாப்பிட வந்தார். நகத்துல எல்லாம் நீலம். "என்னண்ணே இது?"ன்னேன். "ஜன்னலுக்கு அடிச்சேன்"னார். நான் போய்ப் பார்த்தேன், ஜன்னல் அதே பழைய சாம்பல் கலர்ல உரிஞ்சுக்கிட்டு நிக்குது. திரும்பி வந்து சோறு போட்டேன்.

சாப்பிட்டுட்டுக் கை கழுவும்போது அவரா சொன்னார்: "தொட்டிக்கு நீலம் நல்லாத்தான் இருக்கு."

எல்லாத்தையும் பிரிச்சுப் போட்ட மனுஷன் இதை மட்டும் ஏன் விட்டார்? உனக்காவது புரியுதா? புரிஞ்சா எனக்கும் எழுது.

அத்தை


மே 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு முறை படித்தேன். முகாமில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

எனக்கும் புரியவில்லை. கோபமாக இருந்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்றும் தெரியவில்லை. அவருக்கு அந்த நிறம் சுத்தமாகப் பிடிக்காது. சின்ன வயதில் என் நீலச் சட்டையைப் பார்த்தே முகம் சுளிப்பார்.

காகிதம் தலையணைக்குக் கீழ் இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் வீட்டுக்குத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புவதாகத்தான் எண்ணம். ஊசியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அவருடைய கட்டைவிரல் ஆறிவிட்டதா?

மருமகன்


மே 15

மருமகனே,

கட்டைவிரல் ஆறிடுச்சு. நீ கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லல. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சுடா! முதல்ல இருமுச்சு, அப்புறம் கொட்டகை பூரா புகை, அப்புறம் ஒரு சத்தம் பாரு, தெருவே திரும்பிப் பார்த்துச்சு. ஊசி என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிறான், என் முழங்காலும் வலியை மறந்துடுச்சு. உங்கப்பா அவர் வீட்டு கேட்டுலயே நின்னு தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டிருந்தார். மெதுவா வந்து, "உன் தொட்டி சத்தம் போடுதே"ன்னார்.

"ஆமாண்ணே, தண்ணி வருதுபோல"ன்னேன்.

கதவுல இருந்த தூசியை விரலால துடைச்சார். "எப்ப வர்றான்?"

யாருன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் கேட்டிருக்கார். "கடைசி ஞாயித்துக்கிழமை. அன்னைக்கே எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவானாம்"னு சொன்னேன். "அன்னைக்கேவா?"ன்னார். அவ்வளவுதான், போயிட்டார்.

மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகல. ஊசி பேட்டரி பார்த்தான், பெட்ரோல் பார்த்தான், வயரெல்லாம் பார்த்தான். கடைசியில எஞ்சினுக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு, "அம்மா, இதுக்குள்ள சுத்துற சாமானைக் காணோம். அது இல்லாம இந்த ஜென்மத்துல ஓடாது"ன்னான். ரோட்டர்னு பேராம். அது கட்டைவிரல் பெருசுதானாம். இதுக்குப் புதுசு எங்கயும் கிடைக்காது, இரும்புக் கடையா ஏறி இறங்கித் தேடணுமாம். கொட்டகையைச் சல்லடை போட்டுச் சலிச்சோம். இல்ல.

இன்னைக்கு உங்கப்பா வீட்டைப் பெருக்கப் போனேன். அவர் குளிக்கப் போயிருந்தார். மேசையில அவரோட மூக்குக் கண்ணாடிக் கூடு கிடந்துச்சு, கண்ணாடி வெளியில இருக்கு. கண்ணாடி வெளியில இருந்தா கூட்டுக்குள்ள என்ன இருக்கும்னு திறந்தேன். வெள்ளைத் துணியில சுத்தி, கறுப்பா, கட்டைவிரல் பெருசுக்கு ஒண்ணு. மேல பித்தளைப் பட்டை ஒண்ணு.

எனக்கு ஒண்ணுமே புரியலடா. இத்தனை மாசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து வண்டியைக் கட்டினவர், ஓடுற நேரத்துல எதுக்கு இதைக் கழட்டிக்கிட்டுப் போகணும்? மறுபடியும் பிரிக்கிற புத்தியா? அப்படின்னா எதுக்கு அதை இவ்வளவு பத்திரமா, குழந்தையைத் துணியில சுத்துற மாதிரி சுத்தி வெக்கணும்?

குளியலறையில தண்ணிச் சத்தம் நிக்கிறதுக்குள்ள இருந்த இடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன். எடுத்துக்கிட்டு வந்து ஊசிகிட்ட குடுத்தா வண்டி ஓடும், நீ வந்த அன்னைக்கே போயிடுவ. குடுக்கலேன்னா உன் வாக்கை நான் கெடுத்தவளா ஆவேன். பிரார்த்தனையில கேட்டேன், ஆண்டவன் இந்தத் தடவை வாயே திறக்கல. நீயே சொல்லு. எடுக்கட்டுமா, வேண்டாமா? வேன்காரர்கிட்ட உடனே குடுத்தனுப்பு.

அத்தை


மே 21

அத்தை,

எடுக்காதீர்கள். தொடவே தொடாதீர்கள்.

பட்டறையைப் பூட்டும்போது உள்ளே நிற்கும் பெட்ரோல் வண்டிகளில் எல்லாம் அப்பா அந்தச் சாமானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். காலையில் போய்த் திரும்ப மாட்டுவார். தனக்குத் தெரியாமல் எவனும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. தொலைந்தால் வேறு கிடைக்காத சாமானை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைப்பார். வீட்டில் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் தடவிப் பார்ப்பது அம்மாவின் வேலை. அம்மா போன பிறகு என் வேலை.

அவர் பிரிக்கவில்லை அத்தை. பூட்டியிருக்கிறார்.

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே கையோடு எடுத்து வருகிறேன். அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. முதலில் அந்த எஞ்சினைப் பற்றிக் கேட்க வேண்டும். என்ன தவறு செய்தேன் என்று. நாலு வருடமாக அது தெரியாமல்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு மதியம்தான் வருவேன். அதுவரை எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்காதீர்கள். ஒருவேளை இரண்டு பேராக வருவோம். காலையில் வந்து இறங்கியதும் நேராக அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டப் போகிறேன். அவர் திறந்தால் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசிப்பேன் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு ஒன்றுதான் தோன்றுகிறது:

"அத்தையோட தண்ணித் தொட்டிக்கு ஒரு சாமான் குறையுதாம்ப்பா. உங்ககிட்ட இருக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மருமகன்